ஒன்பது பேரில் ஏழு பேர்: பக்கவாதத்தின் தடத்தை ரத்தத்தில் தேடும் கதை

நெஞ்சுவலி என்று ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தால் ஈசிஜி எடுப்பார்கள், கையோடு ரத்தமும் எடுத்து ட்ரோபோனின் பார்க்க அனுப்புவார்கள். இதயத் தசை அடிபட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் கசிந்துவிடும். அளவு ஏறுகிறதா என்று பார்த்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். அதே வாசலில், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு, வாய் கோணி, பேச்சுக் குழறி இன்னொருவரைத் தூக்கி வருகிறார்கள். அவருக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். முதலில் பார்ப்பது சர்க்கரை. சர்க்கரை ரொம்பவும் இறங்கிப்போனாலும் சிலருக்கு ஒரு பக்கம் செயலிழந்தது போலக் காட்டும் என்பதால் அந்த அவசரம். சர்க்கரை சரியாக இருந்தால் நேரே சிடி ஸ்கேன். "இது ஸ்ட்ரோக்தான்" என்று சொல்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று அன்றாடப் புழக்கத்தில் இல்லை.

அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கக் கால் நூற்றாண்டாக ஒரு முயற்சி நடக்கிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து, அதிலிருந்து ஸ்ட்ரோக்கை அடையாளம் காண்பது. மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். நோயைக் காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட அடையாளத்தைப் பயோமார்க்கர் என்பார்கள், தமிழில் உயிர்க்குறியீடு. இந்தத் தேடலில் என்ன கிடைத்தது, கிடைத்ததாக நினைத்ததில் எது நிலைத்தது என்பது, வெற்றிச் செய்திகளில் வருவதைவிடச் சுவாரஸ்யமான கதை.

முதலில் அவசரம் எதற்கு என்று பார்த்துவிடலாம். பக்கவாதம் என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். அது விழுந்த பக்கத்தைப் பற்றிப் பேசுகிறது, மூளையைப் பற்றிப் பேசவில்லை. மூளையில் நடப்பது இரண்டில் ஒன்று. ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி அடைத்துக்கொள்கிறது, அல்லது குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியே தெரிவது ஒன்று போலவே இருக்கும், வைத்தியம் நேர் எதிர். அடைப்புக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். அதே மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்து பலன் தருகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது 1995இல். அப்போது கெடு 3 மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரத்துக்கு நீட்டியது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் கட்டியைக் கம்பி விட்டு இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015க்குப் பிறகு பரவியது. அதற்குக் கெடு இன்னும் நீளம். ஆனாலும் அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு கணக்கு. அடைப்பை எடுக்க எத்தனை வழி வந்தாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

சிடி ஸ்கேன் கசிவை உடனே காட்டிவிடும். அடைப்பைத்தான் முதல் சில மணி நேரத்தில் பல சமயம் காட்டாது, மூளை இயல்பாக இருப்பது போலவே தெரியும். ஆகவே மருத்துவர் செய்வது ஒரு கழித்தல் கணக்கு: கசிவு இல்லை, சர்க்கரை சரி, அறிகுறிகள் திடீரென்று வந்தன, அப்படியானால் அடைப்பு. எம்ஆர்ஐ இருந்தால் இன்னும் தெளிவாகும், ஆனால் எல்லா ஊரிலும் எல்லா நேரத்திலும் எம்ஆர்ஐ கிடைக்காது. இதற்கு நடுவே ஒற்றைத் தலைவலி, வலிப்பு வந்து ஓய்ந்த பின் சிறிது நேரம் கை விழுந்திருப்பது, மன உளைச்சலால் வரும் செயலிழப்பு எல்லாம் ஸ்ட்ரோக் வேஷம் போட்டுக்கொண்டு அதே வாசலுக்கு வரும்.

இதயத்துக்கு இருக்கும் ட்ரோபோனின் மூளைக்கு ஏன் இல்லை? மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. மூளையின் புரதங்கள் எளிதில் அதைத் தாண்டி வருவதில்லை. அடைப்பில் மூளை அணுக்கள் ஒரே நொடியில் உடைந்து சிதறுவதும் இல்லை, மணிக்கணக்காகச் செத்துக்கொண்டிருக்கும். ரத்தத்தில் போதுமான அளவு கசிந்து சேரும்போது கெடு தாண்டிப் போயிருக்கும். கசிவு ஸ்ட்ரோக்கில் இது கொஞ்சம் வேறு. ரத்தம் பீறிட்டு மூளைத் திசுவைக் கிழிப்பதால் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறது. ஜெர்மனியில் 205 நோயாளிகளிடம் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு, கசிவையும் அடைப்பையும் பிரிக்க இந்தப் புரதம் நன்றாகவே உதவுகிறது என்று காட்டியது. அடைப்புக்கு அப்படி ஒரு புரதம் சிக்கவில்லை.

சரி, மூளை சொல்லாவிட்டால் வேறு யாரைக் கேட்பது? இங்கேதான் வெள்ளை அணுக்கள் வருகின்றன. மூளையில் அடிபட்ட செய்தி அவற்றுக்கு நிமிடங்களில் எட்டுகிறது. அவை தயாராகத் தொடங்குகின்றன. தயாராவது என்றால் உள்ளே சில மரபணுக்களைத் தூண்டிவிடுவது, சிலவற்றை அடக்கிவைப்பது.

ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் பட்டியல் டிஎன்ஏ. உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும், எல்லாக் கிளைகளிலும், அதே பட்டியல்தான். சர்வர் உள்ளே பார்த்து "ரெண்டு மசால், ஒரு ரவா" என்று கத்துகிறாரே, அந்த ஆர்டர்தான் ஆர்என்ஏ. அடுப்பில் வெந்து வரும் தோசை, புரதம். பட்டியலைப் பார்த்தால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தெரியும். ஆர்டர்களை எண்ணினால்தான் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று தெரியும். மரபணு வெளிப்பாட்டை அளப்பது ஆர்டர்களை எண்ணுவதுதான். மனித டிஎன்ஏவில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒரே ரத்த மாதிரியில் அத்தனைக்கும் ஆர்டர் எண்ண வழி செய்தது 1990களில் வந்த மைக்ரோ அரே என்ற சில்லு. இந்த ஹோட்டல் உவமையைக் கையில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்பிக்கை தந்த முதல் சோதனை எலிகளிடம் நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ராங்க் ஷார்ப்பின் குழு சில எலிகளுக்கு மூளை அடைப்பையும், சிலவற்றுக்கு மூளைக் கசிவையும், மற்றவற்றுக்கு வலிப்பு, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறக்கம் ஆகியவற்றையும் உண்டாக்கியது. ஒரு நாள் கழித்து ரத்தத்தைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் மரபணு வெளிப்பாட்டின் கோலம் வெவ்வேறாக இருந்தது. 2001இல் வெளியான அந்தக் கட்டுரை அதை நோயின் ரத்தக் கைரேகை என்று வர்ணித்தது. எலிகளில் இது சாத்தியம் என்றால் மனிதர்களில் ஏன் கூடாது? கேட்க எளிய கேள்விதான். ஆனால் ஆய்வகத்து எலிகள் எல்லாம் ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி. மனிதர்கள் அப்படியா?

மனிதர்களிடம் முதல் பெரிய எட்டு 2005இல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆலிசன் பேர்டின் குழு, அடைப்பு ஸ்ட்ரோக் வந்த 20 பேரையும் ஒப்பிட 20 பேரையும் எடுத்துக்கொண்டு, 22 மரபணுக்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தேர்ந்தது. பிறகு அந்தப் பட்டியலை இதுவரை பார்க்காத புது ஆட்களிடம் சோதித்தது. ஸ்ட்ரோக் உள்ளவர்களை 78 சதவீதமும், இல்லாதவர்களை 80 சதவீதமும் சரியாகக் கண்டுபிடித்தது.

இந்த 78ஐக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். புதிய குழுவில் ஸ்ட்ரோக் வந்தவர்கள் 9 பேர். ஒப்பிட வந்தவர்கள் 10 பேர். 78 சதவீதம் என்றால் 9 பேரில் 7 பேர். 80 சதவீதம் என்றால் 10 பேரில் 8 பேர். இன்னும் ஒருவர் சரியாக வந்திருந்தால் 78 என்பது 89 ஆகியிருக்கும். ஒருவர் தவறியிருந்தால் 67. ஒன்பதில் ஏழு என்ற முடிவைப் புள்ளியியல் முறைப்படி விரித்தால், உண்மையான திறன் 40 சதவீதத்திலிருந்து 97 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் வரும். காசு சுண்டிப் போடுவதைவிட மோசமாகவும் இருக்கலாம், அற்புதமாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. தலைப்பிலேயே இது முன்னோட்ட ஆய்வு என்று போட்டிருந்தார்கள். ஒரு சில்லுக்கே அப்போது பெரும் செலவு. ஆனால் சதவீதம் என்ற உருவம் எடுத்ததும் ஏழு பேர் மறைந்துபோகிறார்கள். அப்புறம் மேற்கோள்களில் பயணம் செய்வது சதவீதம் மட்டும்தான்.

அந்த ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரத்தத்தை ஒரு அடர்த்தியான திரவத்தின் மேல் ஊற்றி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, நடுவில் மெல்லிய வெண்படலமாகத் தங்கும் அணுக்களை மட்டும் எடுத்தார்கள். லிம்போசைட், மோனோசைட் என்ற வெள்ளை அணு வகைகள் அந்தப் படலத்தில் இருக்கும். நியூட்ரோஃபில் என்ற வகை கனமானது, சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள்தான், அடிபட்ட இடத்துக்கு முதலில் ஓடுவதும் அவைதான். மறு ஆண்டே ஷார்ப்பின் குழு முழு ரத்தத்தையும் எடுத்து அளந்தபோது, ஸ்ட்ரோக் வந்த முதல் சில மணி நேரத்தில் மாறும் மரபணுக்களில் பெரும்பகுதி நியூட்ரோஃபில்களிலிருந்தும் மோனோசைட்டுகளிலிருந்தும் வருவதாகத் தெரிந்தது. அவர்கள் தேர்ந்தது 18 மரபணுக்கள். இரண்டு பட்டியல்களும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. இருவரும் ரத்தத்தைத்தான் பார்த்தார்கள், ஆனால் ஒருவர் கீழே விட்டதை மற்றவர் எடுத்துக்கொண்டார்.

மாதிரி சேகரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரைகளில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும், காரியமோ இதில்தான் கெடும். ஆர்என்ஏ சீக்கிரம் சிதைகிற சரக்கு. ரத்தத்தை எடுத்துச் சாதாரணக் குழாயில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், அதற்குள் சில ஆர்டர்கள் அழிந்திருக்கும். அதைவிடச் சங்கடம், குழாய்க்குள் அடைபட்ட அணுக்கள் பயந்துபோய்ப் புது ஆர்டர் கொடுக்கத் தொடங்கியிருக்கும். அதனால் பாக்ஸ்ஜீன் என்ற தனிக் குழாய் பயன்படுத்துகிறார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு திரவம் இருக்கும், 2.5 மில்லி ரத்தம் அதில் இறங்கியதும் அணுக்கள் உடைந்து, ஆர்என்ஏ இருந்தது இருந்தபடி உறைந்துவிடும். குழாயை எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். பிறகு உறைய வைக்கலாம். இதற்கப்புறம் ஆர்என்ஏவைப் பிரித்து, தரம் பார்த்து, சிவப்பணுக்கள் விட்டுச்சென்ற குளோபின் ஆர்என்ஏ பெருவாரியாக மிதந்துகொண்டு மற்றதை மறைப்பதைச் சமாளித்து, சில்லில் ஏற்றிப் படிக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் ஆகிவிடும். கெடு நாலரை மணி நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரோக்கா இல்லையா என்று வாசலிலேயே சொல்லும் பரிசோதனைதான் கனவு என்றால், இந்த முறை பட்டியலைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, நோயாளியைக் காப்பாற்ற அதே முறையில் ஓட முடியாது. பட்டியலைச் சில மரபணுக்களாகச் சுருக்கி, சில மரபணுக்களை மட்டும் வேகமாக அளக்கும் பிசிஆர் கருவியில் ஏற்ற வேண்டும். எல்லாரும் 10, 18, 22 என்று சின்னப் பட்டியல்களைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2010இல் இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. ஷார்ப்பின் குழு அதற்குள் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகருக்கு மாறியிருந்தது. அங்கே போரியானா ஸ்டமோவா, நோயாளிகளின் ரத்தத்தை 3 மணி நேரத்துக்குள், 5 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில் என்று மூன்று முறை எடுத்த மாதிரிகளில் பழைய பட்டியலையும் புதியதையும் சோதித்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நோயாளிகள் ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள். முதல் மாதிரிதான் சிகிச்சைக்கு முன் எடுத்தது. அடுத்த இரண்டும் கட்டி கரைக்கும் மருந்து உடம்பில் ஓடிய பிறகு எடுத்தவை. மாற்றம் ஸ்ட்ரோக்கினாலா, மருந்தினாலா? இரண்டும் கலந்துதான் இருக்கும். மற்ற ஆய்வு டாரா பார் என்பவரின் தலைமையில் நடந்தது. 39 ஸ்ட்ரோக் நோயாளிகள், 24 ஒப்பீட்டாளர்கள். அதில் தேறிய மரபணுக்கள் ஏஆர்ஜி1, சிஏ4, எல்ஒய்96, எம்எம்பி9, எஸ்100ஏ12 என்று போகும். பெயர்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. எம்எம்பி9ஐ மட்டும் கவனியுங்கள். அது ஒரு கத்தரிக்கோல். ரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் இழைகளை வெட்டி, வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைய வழி செய்யும். அதிகமாக வெட்டினால் சுவர் பலவீனமாகி ரத்தம் கசியும். கட்டி கரைக்கும் மருந்து கொடுப்பதற்கு முன்பே இந்தப் புரதம் ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களுக்கு, மருந்துக்குப் பின் மூளையில் கசிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று பார்சிலோனாவில் ஜோன் மொன்டானரின் குழு 2003இலேயே காட்டியிருந்தது. வெவ்வேறு திசையிலிருந்து வந்த இருவர் ஒரே பெயரைச் சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

ஏன் 'கொஞ்சம்'? காரணம் 20,000 என்ற எண். கிளி ஜோசியக்காரர் ஒருவர் 20 கிரிக்கெட் ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே சொல்லி 18 சரியாக வந்தால் ஊரே அவரைத் தேடிப் போகும். இப்போது 20,000 கிளிகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் 20 ஆட்டங்களுக்குச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கும் ஒன்றும் தெரியாது, வெறும் குருட்டு அதிர்ஷ்டம். கணக்குப் போட்டால் சுமார் நான்கு கிளிகள் 18 அல்லது அதற்கு மேல் சரியாக எடுத்திருக்கும். அந்த நான்கை மட்டும் மேடையில் ஏற்றினால் பார்ப்பவருக்கு அவை தெய்வீகக் கிளிகள். 20 பேரின் ரத்தத்தில் 20,000 மரபணுக்களைப் பார்த்து, நோயாளிகளை நன்றாகப் பிரிக்கும் நாலைந்தைத் தேர்வது இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் காரியம். இருபதில் ஒன்று தற்செயலாக இருக்கலாம் என்ற வழக்கமான அளவுகோலை அப்படியே போட்டால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத சுமார் 1,000 மரபணுக்கள் 'முக்கியம்' என்று வந்து நிற்கும். இதைத் திருத்தப் புள்ளியியலில் வழிகள் இருக்கின்றன. பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் 1995இல் சொன்ன முறை இன்று எல்லா மென்பொருளிலும் உண்டு. திருத்தினாலும் நம்பகமான சோதனை ஒன்றுதான்: தேர்ந்த கிளியை அடுத்த 20 ஆட்டத்துக்குக் கூட்டிப் போவது. புது ஊர், புது மருத்துவமனை, புது ஆட்கள்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது அடுத்த வம்பு. ஆரம்ப ஆய்வுகள் பலவற்றில் ஒரு பக்கம் ஸ்ட்ரோக் வந்தவர், மறு பக்கம் நலமாக நடமாடும் ஒருவர். ஸ்ட்ரோக் வந்தவருக்குப் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இருக்கும், சர்க்கரை இருக்கும், புகைப் பழக்கம் இருந்திருக்கும், மாத்திரைகள் இருக்கும். அவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் வந்திருப்பார், பயத்தில் இருப்பார். ஒப்பிட வந்தவர் காலை பத்து மணிக்கு நிதானமாகக் கையை நீட்டியிருப்பார். வெள்ளை அணுக்களின் மரபணு வெளிப்பாடு இவை எல்லாவற்றுக்கும் மாறும், மணிக்கு மணி கூட மாறும். மருத்துவமனை வாசலில் எழும் கேள்வியோ முற்றிலும் வேறு. கை விழுந்து வந்திருக்கும் இருவரில் யாருக்கு ஸ்ட்ரோக், யாருக்கு வலிப்பு? அதற்கு ஸ்ட்ரோக் வேஷம் போட்ட நோயாளிகளோடு ஒப்பிட வேண்டும். அவர்களைச் சேர்ப்பது கடினம். அதனால்தான் ஒப்பீட்டில் அவர்கள் குறைவாக இருக்கிறார்கள்.

2016இல் வெஸ்ட் வர்ஜீனியாவில் க்ராண்ட் ஓ'கானல், பாரின் ஆய்வில் இருந்த அந்த 39 பேர், 24 பேர் தரவை எந்திரக் கற்றல் முறையில் சல்லடை போட்டு 10 மரபணுக்களைத் தேர்ந்தார். புது ஆட்களிடமும், ஸ்ட்ரோக் போலத் தோன்றிய நோயாளிகளிடமும் சோதித்தார்கள். துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் வந்தது. செய்தி பரவியது. அத்தோடு நின்றிருந்தால் இது இன்னொரு வெற்றிச் செய்தி. சில ஆண்டுகளில் அதே ஓ'கானல், தன் பட்டியல் உள்ளிட்ட மரபணுக்கள் ஏன் மாறுகின்றன என்று தோண்டிப் பார்த்தார். விடை: முழு ரத்தத்தில் தெரியும் இந்த மாற்றங்களைப் பெருமளவு ஓட்டுவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மாற்றமே.

இப்போது ஹோட்டலுக்குத் திரும்புவோம். காலையில் இட்லி ஆர்டர் திடீரென்று இரட்டிப்பாகிறது. வழக்கமாக வருபவர்கள் எல்லாம் இரண்டு மடங்கு சாப்பிடத் தொடங்கினார்களா, அல்லது இட்லி மட்டுமே கேட்கும் கூட்டம் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்கியதா? சமையலறையில் உட்கார்ந்து ஆர்டரை மட்டும் எண்ணுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரோக் வந்ததும் உடம்பின் பதற்ற ஹார்மோன்கள் பொங்கும். நியூட்ரோஃபில்கள் பெருகும், லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து விலகிப் போகும். நியூட்ரோஃபில்கள் வழக்கமாகப் போடும் ஆர்டர்கள் ஏறும், லிம்போசைட்டுகளுடையவை இறங்கும். எந்த அணுவும் தன் பழக்கத்தைத் துளியும் மாற்றாமலே ஒரு 'ஸ்ட்ரோக் கைரேகை' கிடைத்துவிடும்.

பஸ் வந்ததா என்று பார்க்க வாசலுக்குப் போனால் போதும். ரத்தத்தில் அந்த வாசல், எந்தச் சின்ன லேப்பிலும் செய்கிற சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை. நியூட்ரோஃபில் எத்தனை, லிம்போசைட் எத்தனை என்று சில நிமிடங்களில், சில நூறு ரூபாயில் வந்துவிடும். அவ்வளவு சில்லு, அவ்வளவு கணினி, கடைசியில் சிபிசி சொல்வதைத்தான் பெரும்பாலும் சொல்கிறதா என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். இந்த இரண்டு அணுக்களின் விகிதமும் ஸ்ட்ரோக்குக்கு மட்டும் உரியது இல்லை. நிமோனியாவிலும் மாரடைப்பிலும் எலும்பு முறிவிலும் அது ஏறும். தன் கண்டுபிடிப்பையே குறுக்கு விசாரணை செய்த ஓ'கானலின் அந்தக் கட்டுரை, என் கணக்கில், பத்து மரபணுப் பட்டியலைவிடப் பெரிய பங்களிப்பு.

ஆனால் அந்த எச்சரிக்கை எல்லார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளை ஆய்வாளர்கள் பொதுக் கிடங்கு ஒன்றில் போட்டுவைக்கிறார்கள், யாரும் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. பாரின் 39 பேர், 24 பேர் தரவும் அங்கே இருக்கிறது. அதை இறக்கி, ஒரு மென்பொருளில் ஓட்டி, வலைப்பின்னல் படம் வரைந்து, 'மைய மரபணுக்கள்' என்று நாலைந்து பெயரைச் சொல்லும் கட்டுரைகள் வருடா வருடம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் பெயர்கள் வேறு வேறு. அமெரிக்காவில் என்றோ ஒரு நாள் கையை நீட்டிய 63 பேர், தங்கள் ரத்தம் இத்தனை ஊர் சுற்றும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். புது ரத்தம் எடுக்காமல் பழைய ரத்தத்தையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சுண்டத்தான் செய்யும்.

அப்படியானால் எல்லாம் வீணா? நான் அப்படிப் பார்க்கவில்லை. கேள்வியைத்தான் தவறான இடத்தில் வைத்தோம் என்று படுகிறது. ஸ்ட்ரோக்கா இல்லையா என்பது நிமிடக் கணக்கில் பதில் வேண்டிய கேள்வி, அதில் ஸ்கேனோடு போட்டி. ஆனால் ஸ்ட்ரோக் வந்து, உயிர் தப்பி, வார்டில் படுத்திருப்பவரிடம் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: கட்டி எங்கிருந்து வந்தது? இதயத்தில் உருவாகி மேலே போனதா, கழுத்துக் குழாயின் கொழுப்புப் படிவிலிருந்து பிய்ந்ததா, மூளைக்குள்ளேயே சின்னக் குழாய் அடைத்ததா? அடைப்பு ஸ்ட்ரோக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் தெரிவதில்லை. காரணம் தெரியாமல் மருந்தை முடிவு செய்வது கஷ்டம். இதயம் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வீரியமான மருந்து, குழாய்ப் படிவு என்றால் ஆஸ்பிரின் வகை. காரணம் தெரியாத இந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக வீரியமான மருந்தையே கொடுத்துப் பார்த்தார்கள். 7,000க்கும் மேற்பட்டவர்களோடு 2018இல் வெளியான ஆய்வில் ரிவராக்ஸபான் என்ற வீரிய மருந்து ஆஸ்பிரினை வெல்லவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. மறு ஆண்டு டாபிகாட்ரான் என்ற அதே வகை மருந்தை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் ஆஸ்பிரினைவிட ஆதாயம் காட்ட முடியவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் இதயத்துக் கட்டிக்காரர்கள் யார் என்று பிரிக்க முடிந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

டேவிஸ் குழுவில் க்ளென் ஜிக்லிங் இந்தப் பக்கம்தான் திரும்பினார். இதயத்திலிருந்து வந்த அடைப்பையும் பெரிய குழாய் அடைப்பையும் பிரிக்க 40 மரபணுக்கள் கொண்ட பட்டியலை 2010இல் வெளியிட்டார். பிறகு அதே வழியில் காரணம் தெரியாத ஸ்ட்ரோக்குகளையும் வகைப்படுத்திப் பார்த்தார். எண்ணிக்கை இங்கேயும் சிறியதுதான். ஆனால் இங்கே ஒப்பிடுவது ஸ்ட்ரோக் வந்தவரையும் ஸ்ட்ரோக் வந்தவரையும். பதற்றம் இருவருக்கும் உண்டு, ஆம்புலன்ஸ் இருவருக்கும் உண்டு. நியூட்ரோஃபில் பஸ் இரண்டு ஹோட்டலுக்கும் வந்திருக்கிறது. மிச்சமாகத் தெரியும் வித்தியாசத்துக்கு அர்த்தம் இருக்க வாய்ப்பு அதிகம். பதில் சொல்ல இரண்டு நாள் ஆனாலும் குடி முழுகிவிடாது.

ரத்தத்தில் மரபணு வெளிப்பாட்டை அளந்து மருத்துவத்துக்குள் நுழைந்த பரிசோதனை ஏற்கெனவே உண்டு. இதய மாற்று அறுவை செய்தவர்களுக்கு, உடம்பு புது இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்க்கும் அல்லோமேப். 2008இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் கேள்வி குறுகியது: நலமாக இருக்கும் இவருக்கு, இந்த முறை திசு வெட்டி எடுக்கும் பயாப்ஸி தேவையா? அவசரம் கிடையாது, அதே ஆளைத் திரும்பத் திரும்பச் சோதிக்கலாம். ஸ்ட்ரோக்கின் காரணம் தேடும் கேள்வி இதற்கு ஓரளவு நெருக்கம்.

முறைகளும் மாறியிருக்கின்றன. ஆர்டர்களை மொத்தமாக எண்ணாமல், மேசை மேசையாகப் போய் எண்ணலாம் என்ற நிலை வந்துவிட்டது. டேவிஸ் குழு நியூட்ரோஃபில்களைத் தனியாகவும் மோனோசைட்டுகளைத் தனியாகவும் பிரித்து, ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவற்றின் ஆர்என்ஏ எப்படி மாறுகிறது என்று படித்து 2023இல் வெளியிட்டது. ஒற்றை அணுவின் ஆர்என்ஏவைப் படிப்பதும் இப்போது முடிகிறது. எண்ணிக்கை மாற்றமும் பழக்க மாற்றமும் இப்படிப் பிரிந்து தெரிந்தால், எதை நம்பலாம் என்று பேசத் தொடங்கலாம்.

இன்னொன்று, நம் பக்கத்து விஷயம். இதுவரை சொன்ன ரத்தம் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையது. ஆசியர்களிடம் மூளைக்குள் இருக்கும் குழாய்களே சுருங்கி அடைப்பது ஒப்பீட்டளவில் அதிகம்; கழுத்துக் குழாய் அடைப்பு வெள்ளையர்களிடம் அதிகம். கழுத்துக் குழாய்க்காரர்களைப் பார்த்துப் பழகிய பட்டியல் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே துல்லியத்தோடு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே எடுத்த ரத்தத்தில் சோதித்தால்தான் தெரியும்.

எத்தனை பேர் வேண்டும்? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு பரிசோதனை 80 சதவீதம் ஸ்ட்ரோக்குகளைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த 80ஐ முன்னும் பின்னும் 5க்குள் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால், தேவை சுமார் 250 நோயாளிகள். அதே வாசலுக்கு அதே அறிகுறியோடு வந்து ஸ்ட்ரோக் இல்லை என்று முடிந்தவர்கள் இன்னொரு 250. எல்லாரிடமும் மருந்து ஏறுவதற்கு முன், வந்த நேரத்தையும் சிபிசியையும் குறித்துக்கொண்டு, 2.5 மில்லி எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவரிடமும்தான். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நர்ஸ் அந்தக் குழாயைக் குலுக்காமல், பொறுமையாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.